அறை ஒலி

முதல் நாள் படிவத்தில் ஒரு கட்டம்:
'அபாய விளிம்பில் உள்ள மாணவர்.'
எனக்கு முன்பே யாரோ டிக் அடித்திருந்தார்கள்.
எந்த விளிம்பு என்று நான் கேட்கவில்லை.
மணிக்குப் பன்னிரண்டு டாலர்.
கையெழுத்துப் போட்டேன்:
ஷாந்த்ரீஸ் பெட்வே, பதினாறு வயது,
மில்வாக்கி, வடக்குப் பக்கம்.

மெத்தைக் கடையாக இருந்த கட்டடம்.
ஆறு கம்ப்யூட்டர், ஏழு பேர்.
கோர்ட்டில் ஒரு வழக்கு பாக்கியிருந்த லாமாரியனிடம்தான்
கேமரா அலமாரியின் சாவி.
கோடை முழுக்கக் காணாமல் போனது ஒரே ஒரு பேட்டரி;
அதுவும் என் பைக்குள் கிடந்தது.

மூன்றாம் வாரம், அறை ஒலி.
ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டாம்,
பேச்சை வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட
அதைத் தனியாகப் பிடித்து வைக்கவேண்டுமாம்.
அறுபது நொடி யாரும் அசையக்கூடாது.
சிரித்தே நான்கு முறை கெடுத்தோம்.
மாய் ஸீ கணக்குப் போட்டாள்:
சும்மா இருக்க
நிமிடத்துக்கு இருபது சென்ட்.

என் படம் அம்மாவைப் பற்றி.
இரவு வேலை முடித்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல்
செவ்வாய்க்கிழமை பாதி பேசினாள்.
புதன்கிழமை கரண்ட்டை அறுத்தார்கள்.
குளிர்காலத்தில் அறுக்கமாட்டார்கள், சட்டம் இருக்கிறது.
கோடைக்கு யாரும் சட்டம் போடவில்லை.
வியாழக்கிழமை மீதியைப் பேசினாள்,
அதே சட்டை, அதே நாற்காலி, ஜன்னல் வெளிச்சம்.
"யாருக்குத் தெரியப்போகுது" என்றாள்.

இரண்டையும் ஒட்டினேன்.
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
காதுக்கு, நாலாவது நிமிடத்தில், ஒரு பள்ளம்.
ஹெட்போனை அழுத்திப் பிடித்து மறுபடி கேட்டேன்.
ஃப்ரிட்ஜ்.
செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால்
முனகிக்கொண்டே இருந்திருக்கிறது.
பதினாறு வருஷமாக அதைத்தான்
மௌனம் என்று நினைத்திருக்கிறேன்.

காசோலை வந்தது, பிடித்தம் போக
நானூற்று நாற்பத்து மூன்று டாலர், இருபத்தெட்டு சென்ட்.
ஒரு ஜோடி ஷூ வாங்குவதாக இருந்தேன்,
நிறம்கூட முடிவாகியிருந்தது.
மின்சாரக் கம்பெனியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
"யார் பெயரில்?" என்றாள்.
பாக்கியில் பாதிதான் அது. போதும் என்றாள்.

திங்கள் மாலை
ஃப்ரிட்ஜ் ஒரு தரம் குலுங்கியது,
தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது.
தம்பி ஓடிப்போய்த் திறந்து பார்த்தான்,
விளக்கு எரிகிறது, உள்ளே கெச்சப் பாட்டில் ஒன்று.
"யாரும் அசையாதீங்க" என்றேன்.
அறுபது நொடி.
அவன் மூச்சைப் பிடித்துக் கன்னத்தை உப்பினான்.
அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கூலியில்லாமல்.

ஒட்டுத் துணி கையில் இருந்தது.
பள்ளத்தை மூடினேன்.
வழவழவென்று,
எங்கள் வீட்டில் எதுவுமே நடக்காத மாதிரி.
அப்புறம் ஒட்டைப் பிரித்துவிட்டேன்.

திரையிடலுக்கு அறுபது நாற்காலி, பாதி காலி.
நாலாவது நிமிடம்.
முன்வரிசையில் ஒருவர் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.
அம்மா மடியில் இருந்த கைப்பையை
இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.
மாய் ஸீ முழங்கையால் இடித்தாள்:
"உன் ஒலி அறுந்துபோச்சு."

"ஆமா" என்றேன். "புதன்கிழமை."