எழுத்தால் எழுதியது

வேலூரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு:
தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
அதிகாரம் இல்லாத போலீஸ்.
சாமி திரும்பி வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது.
பெருமழை வருஷத்தில் பாலாறுகூட
கரையை முட்டிக்கொண்டு ஓடியது.
நாங்கள் மட்டும்தான் பட்டியலில் அப்படியே இருக்கிறோம்
என்று சொல்லிச் சிரிப்பேன்,
டீ வாங்கித் தரும் எவரிடமும்.

நான் ஸ்டேஷன் ரைட்டர். ஏட்டு துளசிங்கம்.
லத்தி பிடித்ததைவிடப் பேனா பிடித்தது அதிகம்.
அடித்ததைக் கைகலப்பு என்றும்
திருடியதை எடுத்துச் சென்றதாகத் தெரிகிறது என்றும்
எழுதி எழுதி
விரல் நடுவில் காய்த்துப்போயிருக்கிறது.

கத்திரி வெயில், மூன்றரை மணி.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.
அமுதவேணி வந்தாள்,
பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு உதவியாளர்.
பதிவாளரிடம் முதலில் சொன்னாளாம்.
‘பார்க்கிறேன்’ என்றாராம்.
பார்த்துவிட்டு அவளை
நூலகத்தின் புத்தகக் கிடங்குக்கு மாற்றினாராம்.

மேசையில் ஏழு தாள்களைப் பரப்பினாள்.
கலர் ஜெராக்ஸ். பக்கம் பத்து ரூபாய், கைக்காசு.
‘கறுப்பு வெள்ளையில எடுத்தா தெரியாது சார்.
ஒன்று நீல மை. பாருங்க,
அதோட தோள்ல ஒரு சாய்கோடு, குறுக்கே ஒரு கோடு,
அது கறுப்பு.
பத்தொன்பது நாற்பத்தொன்பது ஆயிடுச்சு.
இருநூத்திப் பதினொரு பேரு.
தலைக்கு எட்டாயிரம்.’

இன்ஸ்பெக்டர் அறைக்குள் போன் மணி.
வெளியே வந்து என் காதோரம்:
‘மனுவை வாங்கி வை. ரசீது போடாதே.
வட்டம் பேசுச்சு. மாவட்டமும் பேசுச்சு.’
மனிதர்கள் பேசியதாக அவர் சொல்லவில்லை.
வரைபடம் வாய்திறந்த மாதிரி இருந்தது.

வாங்கி வைக்கத் தெரியாதா எனக்கு?
பச்சை பீரோவின் கீழ்த்தட்டில்
வாங்கி வைத்தவை மட்டுமே ஒரு முழம் உயரம்.
சும்மா புரட்டினேன், பார்ப்பது போல.
நாலாம் தாள். மேலிருந்து ஒன்பதாவது வரி.
அந்தப் பதிவெண்ணை எனக்குத் தெரியும்.
அந்த ஹால் டிக்கெட்டை லேமினேட் செய்ய
காட்பாடிக் கடையில் நின்றவன் நான்.

தை மாதம்
யோகானந்த் எட்டாயிரம் கேட்டான்.
‘மறுமதிப்பீட்டுக்குப்பா.’
சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தேன்.
பாஸ் என்றான், லட்டு வாங்கி வந்தான்,
இதே மேசையில் எல்லோருக்கும் கொடுத்தேன்.
இன்ஸ்பெக்டர் இரண்டு எடுத்துக்கொண்டார்.
எட்டாயிரத்துக்கு ரசீது எங்கேடா
என்று நான் கேட்கவில்லை.
நாள் முழுக்க ரசீதோடு வாழ்கிறவன்,
கேட்கவில்லை.

‘ரசீது குடுங்க சார்.’
அவள் உட்காரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.
பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து
ஒரு மிடறு குடித்து மூடினாள்.
கோட்டைப் பக்கம் பஸ் ஒன்று
ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே போனது.

புத்தகத்தை இழுத்தேன். கார்பன் வைத்தேன்.
மனுதாரர் பெயர். தேதி. நேரம்.
இணைப்பு என்ற இடத்தில் பேனா நின்றது.
ஆறு தாள்கள் என்று எழுதலாம்.
நாலாம் தாள் என் சட்டைப்பைக்குள் மடங்கும்.
யாரும் எண்ண மாட்டார்கள்.
அதிகாரம் இல்லாத போலீஸாம்.
எவன் சொன்னது?
இருநூத்திப் பத்துப் பேரைப் பிடிக்கவும்
ஒருவனை விடவும்
இந்த ஒரு கட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டில் அவன் இந்நேரம்
பேங்க் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பான்,
சதவிகிதத்தைப் பிழையில்லாமல்.

இலக்கத்தில் எழுதவில்லை.
இலக்கத்தின் தோளில் எவனும் கோடு போட்டுவிடுவான்.
எழுத்தால் எழுதினேன்: ஏழு.
அதன் கீழ் என் பெயர்.

உள்ளே மணி அடித்தது. மறுபடி அடித்தது.
கார்பனைத் தூக்கிப் பார்த்தேன்.
அடித்தாளிலும் விழுந்திருந்தது.