வியாழன் அணைந்த நேரம்

ஏழு பத்து. வியாழன் அணைந்தது.
ஓர் இமைப்பு. மீண்டும் எரிந்தது.
நோட்டில் குறித்தேன்: நான்காம் இரவு.

துணைக்கோளின் நிழல் மணிக்கணக்காய் ஊரும்.
லென்ஸில் தூசு என்றால் நான் திருப்பத் திரும்பும்.
செயற்கைக்கோளா? இத்தனை பருமனாகவா?
"வவ்வால்தான்," என்றாள் மதிலுக்கு மேலே ரோஸ்மே வீராப்பின்,
துணி காயப்போட்டபடி.

குழாய்க்குள் எல்லாம் தலைகீழ்.
இடமிருந்து வலம் போனால்
வானத்தில் அது வலமிருந்து இடம்:
சிலாவோஸ் மலையிலிருந்து கடலுக்கு.
நான்கு இரவும் அதே திசை.

ஏப்ரல். சேன் லூயியில் கரும்பாலை தூங்குகிறது,
தெருவிளக்குகள் தூங்கவில்லை.
வெள்ளிக்கிழமை ரோஸ்மே அட்டைப்பெட்டியோடு வந்தாள்.
கால்பந்துத் திடலின் விளக்கடியில் கிடந்ததாம்.

சாம்பல் முதுகு. கொக்கி அலகு. மீன் வாடை.
கழுத்தில் உதிராத குஞ்சுத்தூவி.
ஒரு சிறகு விரிந்தது,
மற்றதைப் பெட்டி தடுத்தது.
ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இந்த உடம்பு போதும்,
ஒரு கோளைப் போர்த்த.

குஞ்சு என்னைப் பார்க்கவில்லை.
என் தலைக்கு மேல்
நோட்டெழுத நான் போட்டிருந்த பல்பைப் பார்த்தது.

அணைத்தேன்.
இருட்டில் எழுதிய 'பெட்ரல்'
மேல்வரியில் மோதிக் கிடக்கிறது,
காலையில் பார்த்தால்.