தொட்டிக்காட்டுவலசு நோம்பி

பெருந்துறை வாடகை வீட்டில்
ராத்திரி பதினொரு மணிக்கு
மைதா மூட்டை மேல் உட்கார்ந்து
போனில் தேடினேன்:
தொட்டிக்காட்டுவலசு மாகாளியம்மன் நோம்பி எப்போது?

மூன்று தேதி வந்தது.
ஒன்று பங்குனி பதினேழு,
எந்த வருசத்துப் பங்குனி என்று இல்லை.
ஒன்று செவ்வாய்க்கிழமை என்று எழுதி
வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டிருந்தது.
மூன்றாவதில் தேர்,
தேருக்குப் பின்னால் கடல்.
காங்கேயத்துக்குத் தெற்கே எங்கே இருக்கிறது கடல்?

'ஆண்டுதோறும் வெகு விமரிசயாக' என்பது மட்டும்
மூன்றிலும் ஒரே மாதிரி,
அதே எழுத்துப் பிழையோடு.

தொடர்புக்கு என்று போட்டிருந்த எண்ணுக்கு அடித்தேன்.
"திருச்செங்கோடு போர்வெல்லுங்க. எத்தன அடி?"
நோம்பி என்றேன்.
"இந்த மாசம் நீங்க ஒம்பதாவது ஆளுங்க."
குரலில் கோபமே இல்லை.
"தண்ணி வேணும்னா கூப்புடுங்க."

டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி எங்கள் பிழைப்பு.
கூட்டம் இருந்தால் எண்ணெய் காயும்,
இல்லாவிட்டால் நாங்கள்.
ராட்டினக்காரர் செங்கோடனைக் கேட்கலாம்,
அவர் போன் இப்போது மகளின் பரீட்சைக்குப் போய்விட்டது.
கிட்டுசாமி சொன்னார்:
"மூணுல நடுத் தேதிய எடுத்துக்கலாம்."
கல்யாணமான நாளாய்
அவர் கணக்கெல்லாம் இப்படித்தான்.

சென்னிமலை தாண்டி, காங்கேயம் தாண்டி
கிளுவை வேலிகளுக்கு நடுவே
எங்கள் குட்டியானை போய் நின்ற இடத்தில்
ஒலிபெருக்கி இல்லை.
கம்பம் இல்லை.
கோயில் மைதானம் முழுக்க மக்காச்சோளம் காய்ந்தது.
கதவில் பூட்டு,
பூட்டின் மேல் அரக்கு,
அரக்கின் மேல் தாசில்தார் முத்திரை.

சோளத்தைக் காலால் தள்ளிக்கொண்டே
தெய்வாத்தாள் என்கிற அம்மா சொன்னார்:
"பூச்சாட்டுனாத்தானுங்க நோம்பி.
பூவை யாரு கேக்கறதுன்னு
ரெண்டு பங்காளிக்கும் நாலு வருசமா கோர்ட்டுல நடக்குது.
தேதி அம்மனுக்கே தெரியாதுங்."

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது.
கோயமுத்தூர்ப் பெண், கூட ஒரு பையன்,
கழுத்தில் கேமரா.
அவர்களும் நடுத் தேதிக்காரர்கள்.
"குண்டம் எத்தன மணிக்குங்கக்கா?"

பதில் சொல்வதற்குள்
விசைத்தறிக் கூடத்தில் ஷிப்ட் விட்டது.
ஒடிசாப் பையன்கள் பன்னிரண்டு பேர்
வண்டியைப் பார்த்து நோம்பி என்று வந்தார்கள்.
அவர்களைப் பார்த்து ஊர்க் குழந்தைகள்.
குழந்தைகளைத் தேடிக்கொண்டு அம்மாக்கள்.
கிட்டுசாமி ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்தார்.
யாரோ போனில் உறுமிச் சத்தம் போட்டார்கள்.
ஒரு மணி நேரம்,
எந்தப் பங்காளியையும் கேட்காமல்
அங்கே கூட்டம் இருந்தது.

ராத்திரி,
பாதியாய் இளைத்த அதே மூட்டை மேல் உட்கார்ந்து
போனைத் திறந்தேன்.
நாலாவதாக ஒரு தேதி வந்திருந்தது.
இன்றைய தேதி.
படத்தில் என் கை,
கையில் முறம் அகலத்துக்கு அப்பளம்.
பூட்டு இருந்த இடத்தை அப்பளம் மறைத்துவிட்டது.
'திருவிழா நன்று. கூட்டம் சற்றுக் குறைவு.
அப்பளம் அருமை.'
நான்கு நட்சத்திரம்.

"அஞ்சு குடுத்திருக்கலாம்" என்றார் கிட்டுசாமி.

இல்லாத நோம்பியை இல்லை என்று
எங்கே போய் எழுதுவது?
பெட்டி பெட்டியாய் ஏதேதோ கேட்டது,
பிறந்த வருசம் வரைக்கும்.
மூடி வைத்துவிட்டு,
விடிந்ததும் போர்வெல்காரருக்கு அடித்தேன்.
"நோம்பி இல்லைங்க, கோர்ட்டுல இருக்குது,
இனி யார் கேட்டாலும் சொல்லீருங்க."

அந்தப் பக்கம் பூமியைக் குடையும் சத்தம்.
"இருங்க, பேனா எடுத்துக்கறேன்" என்றார்.
"ஊர்ப் பேரை ஒருக்கா சொல்லுங்க."