பலகையில் ஒட்டுவதற்கு முன்

மன்னார்குடியில் எங்கள் கல்லூரியின்
வேலைவாய்ப்புப் பிரிவு என்பது
மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை,
பூட்டுப் போட்ட கண்ணாடிப் பலகை,
அதன் சாவியோடு நான்.

விளம்பரம் தர வரும் நிறுவனத்தாருக்கு
விதிகள் என்று ஒரு தாள் வைத்திருக்கிறேன்.
ஒரே பக்கம்.
எழுதி முடிக்க ஏழு வருஷம் ஆயிற்று.

சம்பளத்தை எண்ணில் எழுதுக.
'தகுதிக்கேற்ப' என்று எழுதாதீர்.
அது எவ்வளவு என்று கேட்க
ஓசூர் வரை போய் வந்தான் கமலக்கண்ணன்,
இயற்பியலில் எண்பத்திரண்டு விழுக்காடு.
தகுதிக்கேற்பக் கிடைத்தது
ஒரு மதியச் சாப்பாட்டு டோக்கன்.

முகவரி எழுதுக.
'முன்னணி நிறுவனம்' என்பது முகவரி அல்ல.
தெருவும் கதவெண்ணும் இருந்தால்தான்
தபால்காரர் வருவார்,
தேவைப்பட்டால் போலீஸும்.

என்ன வேலையோ அதன் பெயரைச் சொல்லுக.
'அலுவலக உதவியாளர்' என்று போன ஜெனோவா மேரி
திருவாரூர் வெயிலில் வீடு வீடாக ஏறி
தண்ணீர் சுத்திகரிப்பான் விற்றாள்.
அலுவலகத்தைக் கடைசிவரை அவள் பார்க்கவில்லை.

பயிற்சிக் கட்டணம், முன்பணம்,
திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை,
எந்தப் பெயரிலும் காசு கேட்காதீர்.
இந்த விதிக்கு ஒரு முகம் உண்டு.
முத்துப்பேட்டை ரிஹானா.
ஆறாயிரத்து ஐந்நூறு கட்டிய பிறகு
அந்த எண்ணுக்கு அடித்தால்
ஒரு குழந்தை எடுத்து
"அப்பா இல்ல" என்றதாம்.
அவள் அழவில்லை.
"நல்லா மழலையா பேசிச்சு மேடம்" என்றாள்.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்.
இதற்கு விளக்கம் கிடையாது.

'பார்வைக்கு லட்சணமான பெண்கள் மட்டும்.'
அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு
மீதியை ஒட்டுங்கள் என்றார் ஒருவர்.
வெட்டினேன்.
மீதி என்று எதுவும் இல்லை.

நேர்காணலைப் பத்தரைக்கு முன் வைக்காதீர்.
தஞ்சாவூரில் ஏசி அறையில் இருப்பவருக்கு
நீடாமங்கலம் கேட் தெரியாது.
சரக்கு ரயில் நின்று நிதானித்து
எஞ்சின் மாற்றிக் கோக்கும் வரை
பட்டதாரிகள் ஐம்பது பேர் பஸ்ஸுக்குள்
ஃபைலை விசிறியாக்கிக்கொண்டு
'தாமதமாக வருவோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்பதைத்
திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே அனுப்புக.
மேட்டூரில் திறந்த தண்ணீரே
இங்கே நாள் பிந்தித்தான் வரும்.
கடைமடை சார் இது.
மறுநாளே கெடு முடியும் விளம்பரத்தை
நான் யாருக்காக ஒட்ட?

கொள்முதல் நிலையத்தில்
நெல்லின் ஈரம் பார்க்க ஒரு கருவி இருக்கிறது.
பதினேழுக்கு மேல் போனால்
மூட்டையைப் பிரித்துச் சாலையில் கொட்டிக்
காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள்.
விளம்பரத்துக்கு அப்படி ஒன்று கிடையாது.
என்னிடம் இருப்பது சிவப்பு மைப் பேனா.

நேற்று ஒரு தாள் வந்தது.
'கௌரவ விரிவுரையாளர் தேவை. வணிகவியல்.
ஊதியம் விதிகளின்படி.
உடனே சேர வேண்டும்.'
கீழே பச்சை மையில்
எங்கள் முதல்வர்.

நானும் வணிகவியல்தான், எம்.ஃபில்.
இந்த நாற்காலிக்கு வந்த அன்று
எனக்குக் கொடுத்த தாளிலும்
'தற்காலிகம்' என்று இருந்தது.
எதுவரை என்று இல்லை.
மே மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்பது
ஜூனில்தான் தெரியும்.

அலுவலக உதவியாளர் சுகுணன்
குண்டூசி டப்பாவோடு நின்றார்.
"ஒட்டிடவா மேடம்?"

சம்பளத்தை எண்ணில் எழுதுக
என்று ஓரத்தில் சிவப்பில் எழுதி
அவரிடம் நீட்டினேன்.
படித்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார்.
"இத நானா கொண்டுபோகணும்?"

வேண்டாம் என்று நானே எழுந்தேன்.
மொத்தம் பதினெட்டுப் படி.
ஒன்பதாவதில்தான் கவனித்தேன்,
பலகைச் சாவி என் கையிலேயே இருந்தது.
கீழே போட்டுவிட்டு வந்திருக்கலாம்.
கேட்டால் கொடுக்கலாம் என்று
எடுத்துக்கொண்டே போனேன்.