முப்பத்து நாலு

குறட்டைக்கு நான் பயந்ததில்லை.
ஜெலுத்தோங் அடுக்குமாடியில்
பதினொன்றாம் மாடிக்கு லோரி ஏறி வருகிற மாதிரி
அது வரும், போகும்.
பயமெல்லாம் அது நிற்கிற இடத்தில்.

நின்றதும் எண்ணத் தொடங்குவேன்.
பதினாறில் ஆ லெங் வீட்டுக் குழாய் சொட்டும்.
இருபத்து மூன்றில் என் கை அவர் தோளுக்குப் போகும்.
அதிகபட்சம் முப்பத்து நாலு.
பிறகு, மூழ்கினவன் மேலே வருகிற மாதிரி
ஓர் இழுப்பு.
அவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்.
நான் மறுபடி ஒன்றிலிருந்து.

காலையில் தலைவலி என்பார். இரண்டு கோப்பி ஓ.
அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது என்பாள்
கிளினிக் மிஸ்ஸி.
உப்பைக் குறைக்கச் சொல்லி
எனக்குத் திட்டு விழும்.

பெரியாஸ்பத்திரியில் ஓர் இரவு
உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி எண்ணினார்கள்.
மணிக்கு நாற்பத்தொரு தடவை.
பதினெட்டு வருஷம் நான் சம்பளமில்லாமல் எண்ணியது
காகிதத்தில் வந்தபோது
சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மெஷின் வந்தது, தவணையில்.
மூக்கில் தழும்பு, வாய் வறட்சி.
"தும்பிக்கை வந்துருச்சு,
பூசை மட்டுந்தான் பாக்கி. லைட்டை அணை."
மூன்றாம் வாரம் முகமூடி
அலமாரியில் தீபாவளி வேட்டிக்கு அடியில் கிடந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
எண்ணினேன்.

பாலத்தில்தான் நடந்தது.
பிறையிலிருந்து வெறும் வேனோடு திரும்பும்போது
கண் செருகி
தடுப்புக் கம்பியை உரசிக்கொண்டே கொஞ்ச தூரம்.
பக்கக் கண்ணாடி போயிற்று. அவ்வளவுதான்.
அவ்வளவோடு.
அன்றிரவு அவரே வேட்டியைத் தூக்கினார்,
வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து
முகமூடியைக் கழுவினார்,
என் சேலைகளுக்கு நடுவே கொடியில் காயப் போட்டார்.

பத்து மாசம் ஆகிறது.
மழையில் மின்சாரம் போய் ஒரு இரவு தவறியது,
சளி பிடித்து இரண்டு.
சித்தியவான் கல்யாணத்துக்கும் பெட்டி கூட வந்தது,
மண்டபத்து அறையில் பிளக் தேடி அலைந்தோம்.
ஒரு மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார்.
தலைவலி எந்தக் கிழமை நின்றது என்று
இருவருக்கும் ஞாபகமில்லை.
ஞாயிறு படத்தில் கடைசி வரை விழித்திருந்து
கொலைகாரன் யாரென்று
எனக்கு முன்னாலேயே சொல்லிக் கெடுக்கிறார்.

கார்டைச் சொருகிப் பார்த்தாள் ஃபவுசியா:
"ஆறு மணி ஐம்பது நிமிஷம். பாகுஸ், அங்கிள்."

எனக்குக் கார்டு இல்லை.
இருட்டில் ஒரே சீராகக் காற்று.
எண்ண ஒன்றும் அகப்படாமல்
விழித்துக் கிடக்கிறேன் பல நாள்.
பழக்கம், வேறென்ன.

நேற்று அந்தக் காற்றையே எண்ணினேன்.
ஏழு வரை வந்தது நினைவிருக்கிறது.
பார்த்தால் விடிந்திருந்தது.
அடுப்படியில் அவர்
கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார்,
சீனி அதிகமாக.