நடு ஆற்றில் பாதை

மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்
தாந்தாமலைக்குப் போயிருந்தேன்.
போனை அணைத்துவிட்டு
ஒரு கல்லின் நிழலில் இருந்து
கண்ணை மூடினால் அவன் வருவான் என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதல் நாள் எறும்பு வந்தது.
இரண்டாம் நாள் வந்த குரங்கு
என் பிஸ்கட் பக்கற்றோடு போனது.
மூன்றாம் நாள்
நான் தினமும் கூட்டும் கணக்கு வந்து முன்னால் குந்தியது:
இந்த ஊரில் எட்டுப் பேர், அந்த ஊரில் ஐந்து,
கட்டாதவர்கள்.
மூடிய கண்ணுக்குள் அவர்களுடைய படலைகள் மட்டும்
துல்லியமாகத் தெரிந்தன.

திங்கள் காலை மண்டூர்த் துறையில்
மோட்டார் சைக்கிளை ஏற்றினேன்.
இந்தப் பக்கத்தில் இதற்குப் பாதை என்றுதான் பெயர்.
இரண்டு மிதவை, மேலே பலகை,
இருமிக்கொண்டு ஓர் என்ஜின்.
கட்டிக் கிடக்கும்போதும் பாதைதான்.

தயிர்ச் சட்டிகள், ஒரு டீச்சர், அவவின் குடை,
ஐஸ் பெட்டியோடு ஆதம்பாவா,
கதவில்லாத ஓர் அலுமாரி, அதைப் பிடித்தபடி இரண்டு பேர்.
அலுமாரிக்குப் பின்னால்
மகளைத் தோளில் போட்டுக்கொண்டு யோகமலர்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை
அவளுடைய முற்றத்தில் இருட்டும் வரைக்கும்
கதிரை போட்டு இருந்தவன் நான்.
கதிரையும் அவளுடையது.

நடு ஆற்றில் ஆற்றுவாழை சுற்றி
என்ஜின் நின்றது.
கண்டுமணியர் அதைத் திட்டினார்.
மறுகா தடவிக் கொடுத்தார்.
மறுகா எல்லாரையும் பார்த்து,
"கம்பு புடிக்கத் தெரிஞ்ச ஆக்கள் வாங்க" என்றார்.

யோகமலர் நேரே என்னிடம் வந்தாள்.
ஹெல்மெட் ஒன்றையும் மறைக்கவில்லை.
"உங்களுக்குக் கம்பு புடிக்க ஒண்ணா.
இதப் புடிங்க" என்று
பிள்ளையைத் தந்துவிட்டுப் போய்
சட்டைக் கையை மடித்துக்கொண்டு
கம்பை ஊன்றினாள்.

ஒன்பது கிலோ இருக்கும். நெருப்பு மாதிரிக் கொதித்தது.
பிள்ளைகளைத் தூக்கிப் பழக்கமில்லாத கை,
தலையைப் பிடித்தால் கால் தொங்குகிறது.
டீச்சர் ஒன்றும் கேட்காமல் குடையை விரித்து
எங்கள் இரண்டு பேருக்கும் மேல் பிடித்தா.
ஆதம்பாவா பெட்டிக்குள் கையை விட்டு
ஐஸ் கொஞ்சம் உடைத்துத்
தன் லேஞ்சியில் சுற்றித் தந்தார்.
"மீன் மணக்கும் தம்பி, ஆனா குளிரும்."
தயிர்க்காரி போத்தல் மூடியில் தண்ணீர் பருக்கினாள்.
பிள்ளை பாதியைக் குடித்தது,
பாதியை என் சட்டையில் துப்பியது.
பிறகு கழுத்தில் தொங்கிய என் அடையாள அட்டையை எடுத்து
நிறுவனத்தின் பெயரைச் சப்பத் தொடங்கியது.

கல்லின் நிழலில் இருந்த மூன்று நாளும்
என் கையில் யாரும் எதையும் தரவில்லை.

அவன் வந்தானா என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.
அந்த நேரம் நான் யாரையும் தேடவில்லை,
கை இரண்டிலும் வேலை இருந்தது.
ஆதம்பாவா அல்லாட காவல் என்றார்.
டீச்சர் முருகா என்றா.
கண்டுமணியர் என்ஜினுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
மூன்றும் ஒரே விலாசத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.
என்ஜின் இருமியது.

குருமண்வெளிக் கரையில்
யோகமலர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
பிள்ளையை வாங்கினாள்.
அட்டையை விடாமல் அது இழுத்த இழுப்பில்
என் தலை குனிந்தது.
நாடா அறுந்துபோக, சரி, அதுவே வைத்திருக்கட்டும் என்றேன்.
ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்க
மேட்டில் பாதி ஏறியவள் நின்று, திரும்பாமல் கேட்டாள்:

"வெள்ளிக்கிழமை வருவீங்கதானே?"

மூன்று நாள் மௌனம் பழகி வந்தவன்
வாயைத் திறந்தபடி நின்றேன்.
சட்டையில் மீனும் காய்ச்சலும் மணத்தது.
பின்னால் பாதை
அலுமாரியை இறக்கிவிட்டு
அக்கரை ஆட்களை ஏற்றக் கிறுகியது.