கட்டுப்பாட்டு வரிசை

ஷாதிப்பூர் மெட்ரோவில் பையைத் துழாவிய காவலர்
பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
கலங்கல். அடியில் வண்டல்.
குடித்துக் காட்டு என்றார்.

ஒரு மில்லிக்குப் பத்துக் கோடி.
வெல்ல நீரில் மிதக்கிற கூட்டம்,
ஒரு எருக்கஞ்செடியின் வேரிலிருந்து எடுத்தது,
நான் வைத்த பெயர் எம்-பதினேழு.
பாக்டீரியா என்று சொன்னால்
பின்னால் நிற்கும் வரிசை கலைந்துவிடும்.
செடிக்கு, என்றேன்.
மூடியைத் திறந்து முகர்ந்தார்.
மழை விழுந்த மண்ணின் வாசம்.
போ, போ.

யமுனைப் பாலத்தின் நிழல் முடிகிற இடத்தில்
மணல் தொடங்குகிறது.
காலையில் ஊற்றிய தண்ணீரை
மதியத்துக்குள் ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.
இதில் சுரை முளைக்கும்,
இரண்டு இலை காட்டும்,
பிறகு யோசிக்கும்.

பதாயூனிலிருந்து வந்து இதைக் குத்தகைக்கு எடுத்த ஷியாம்கலி
எட்டுப் பாத்தி எனக்கு ஒதுக்கினாள்.
நான்கில் எம்-பதினேழில் நனைத்த விதை.
நான்கில் வெறும் வெல்ல நீர்.

பன்னிரண்டாம் நாள்
நனைத்த பாத்தியில் ஒரு நாற்றைப் பிடுங்கினேன்.
உதறினேன். மறுபடி உதறினேன்.
வேரைச் சுற்றி உறை போட்டது போல
விடவே இல்லை மணல்.
பக்கத்துப் பாத்தியில் பிடுங்கியது
ஒரு வெள்ளை நூல், கழுவி எடுத்தாற்போல்.
ஒன்பது சென்டிமீட்டர். நாலரை.
நடுவிலிருக்கும் அந்த நாலரைதான்
என் மூன்று வருடம்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல்.

இருபத்தோராம் நாள் போனால்
அவள் குடிசையில் விட்டுவந்த பாட்டில் காலி.
கவிழ்த்து வைத்திருந்தாள், சுத்தமாகக் கழுவி.
"அந்த நாலுக்கும் ஊத்திட்டேன்.
பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சு
பாதிக்குச் சோறு, பாதிக்கு வேடிக்கையா?"

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்றேன்.
போன வருஷப் பயிரோடு ஒப்பிடு என்றாள்.
அளந்தாயா என்றேன்.
வித்தேன் என்றாள்.

மணலில் உட்கார்ந்து
அந்த நாலு பாத்தியிலும் பிடுங்கிப் பார்த்தேன்.
ஏழு. ஆறரை. ஏழு.
நாலாவதில் ஒரு சிறு உறை கட்டத் தொடங்கியிருந்தது,
நூலின் நுனியில் மட்டும்.

நோட்டில் 'கட்டுப்பாடு' என்ற தலைப்பை அடித்து
'தாமதமாக ஊற்றியது' என்று எழுதினேன்.
தேதிக் கட்டம் மிச்சம்.
எந்த நாள் ஊற்றினாய், சரியாகச் சொல்.

களைக்கொத்தை நிறுத்தாமல் சொன்னாள்:
"நீ வராத முதல் நாள்."